முதல் நாள் எண்ணிக்கை

ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் நாங்கள் அதிகம் பேசக் கூடாது. முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகள் இருக்கும். நோயாளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து, அதைச் சுற்றித் திரும்பி, மறுபடியும் நடக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை, "நல்லா நடக்கிறீங்க, இன்னும் இத்தனை நிமிஷம் இருக்கு" என்று ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லலாம். கூட நடக்கக் கூடாது. கைதட்டக் கூடாது. அவர் கூம்பைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த வேலையை ஒரு நாள் நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

உடற்பயிற்சி அறிவியலில் இளங்கலை முடித்துவிட்டு, ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், இதய அறுவை சிகிச்சை ஆனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் இரண்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. எதைப் படிப்பது என்பதுதான் தெரியவில்லை. நோட்டில் ஒரு பக்கத்தை நான்காகப் பிரித்து எழுதி வைத்திருந்தேன். மருத்துவ உடற்பயிற்சிப் படிப்பு: இரண்டு வருடம், அதில் பாதி மருத்துவமனைகளில். ஆராய்ச்சிப் பட்டம்: நோயாளிகளை விட எண்கள் அதிகம். விளையாட்டு வீரர்களைத் தயார்ப்படுத்தும் படிப்பு: எனக்கு விசில் ஊதவே வராது. நான்காவது, தபால் வழியில் பொதுச் சுகாதாரம்: வேலையை விட வேண்டியதில்லை. மனசு முதல் கட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. அதில் மொத்தம் ஆறு இடங்கள்தான்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"நடக்கச் சொல்லிக் குடுக்க எம்.எஸ்ஸியா? அப்போ நிக்கச் சொல்லிக் குடுக்க டிப்ளமோவா?"

"சிரிக்காதேண்ணா."

"சிரிக்கல. நான் லிஃப்டை ஓட வச்சு ஊரையே நடக்க விடாம பண்றேன். நீ பின்னாலேயே வந்து நடக்க வைக்கிறே. ஒரே வீட்ல ரெண்டு கட்சி."

அந்தச் சமயத்தில்தான் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் அடிக்கும் பெயின்டர் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்தார். ஐம்பத்து நான்கு வயது. மார்பின் நடுவில் தையல் தழும்பு காய்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இருமல் வந்தால் மார்போடு அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையில வாட்ச், கழுத்துல வாட்ச், செவுத்துல வாட்ச். உன்னை வாட்ச்சம்மான்னு கூப்பிட்டா கோவிச்சுக்குவியா?"

"கூப்பிடுங்க சார்."

"சாரா! முப்பது வருஷமா ஏணி மேல நிக்கிறேன். கீழேருந்து ஒருத்தர்கூட என்னை சார்னு கூப்பிட்டதில்ல. இன்னொரு தரம் கூப்பிடு, காதார கேட்டுக்கறேன்."

"சார், நடக்கும்போது பேசக் கூடாது."

"அட, குடுத்த மரியாதையை உடனே புடுங்கிக்கிட்டியே!"

அது அவருடைய முதல் நாள் பரிசோதனை. எட்டு வாரப் பயிற்சி தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்த பின் ஒரு முறை நடக்க வைத்து, இரண்டு தூரங்களையும் ஒப்பிடுவது எங்கள் வழக்கம். அவர் நடக்க ஆரம்பித்தார். நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடம் முடிந்திருக்கும், சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. மருத்துவ உடற்பயிற்சிப் படிப்புக்கு விண்ணப்பம் திறந்துவிட்டது என்ற செய்தி. ஒரு நொடி பார்க்கலாம் என்று எடுத்தேன். தகுதி, பாடங்கள், கடைசித் தேதி. கூடவே, விண்ணப்பிப்பவர் தானே பயிற்சி கொடுத்த ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை வேண்டும் என்ற வரி. அந்த வரியில் நின்றுவிட்டேன்.

நிமிர்ந்தபோது பெயின்டர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். கடிகாரத்தில் ஒரு நிமிடம்தான் மீதி. "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று நான் சொல்லவே இல்லை. அதற்குள் அவர் ஒரு முறை போய் வந்திருப்பாரா, வந்திருக்கமாட்டாரா?

ஆறு நிமிடம் ஆனதும், "நில்லுங்க சார்" என்றேன். கூம்பைத் தாண்டி ஆறு மீட்டரில் நின்றார். தாளில் பத்துக் கோடுகள். பத்தா, பன்னிரண்டா?

எண்ணிக்கை தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்றைய கணக்கை அடித்துவிட்டு, இன்னொரு நாள் திரும்ப நடக்க வைக்க வேண்டும். ஆனால் பெயின்டர் நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் பார்க்க சிஸ்டர் காத்திருந்தார். வெளியே இன்னும் மூன்று பேர். "என் தப்பு, மறுபடி வாங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. மனசு எனக்கு ஒரு வழி காட்டியது: பத்து என்றே எழுது. கூட்டி எழுதினால்தான் பொய். குறைத்து எழுதினால் யாருக்கு நஷ்டம்?

பத்து முறை முப்பது, அதோடு ஆறு. முந்நூற்று ஆறு மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை ஒரு அடக்கமான காரியம் என்றுகூட நினைத்தேன். கடவுள் மன்னிக்க வேண்டும்.

எட்டு வாரங்கள் ஓடின. பெயின்டர் ஒரு நாளும் தவறாமல் வந்தார். சைக்கிள் மிதித்தார், படியேறி இறங்கினார், பக்கத்து நோயாளிகளைச் சிரிக்க வைத்து அவர்கள் நாடித்துடிப்பைக் கெடுத்தார். இரண்டாவது பரிசோதனையில் நான் ஃபோனை மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டு வந்தேன். பதின்மூன்று முறை திரும்பி, ஒன்பது மீட்டரில் நின்றார். முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. முதல் நாளைவிடத் தொண்ணூற்று மூன்று மீட்டர் அதிகம்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கே ஒரு கணம் உறுத்தியது. எட்டு வாரத்தில் முப்பது நாற்பது மீட்டர் கூடினாலே எங்கள் பிரிவில் சந்தோஷப்படுவோம். ஆனால் பெயின்டர் துள்ளிக் குதித்தார்.

"தொண்ணூத்திமூணா! அது எவ்வளவு பெரிய சுவர் தெரியுமா? ஒரு பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு!"

தன் சாமான் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் சாக்பீஸால் 93 என்று எழுதி வைத்துக்கொண்டார். நான் அவரைப் பற்றித்தான் அறிக்கை எழுதினேன். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. "இந்த முன்னேற்றம் குறிப்பிடத்தக்கது. நேர்காணலில் இதைப் பற்றிப் பேச விரும்புகிறோம்." ஆறு இடங்களுக்கு ஒன்பது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். "கடவுள் கண்ணைத் திறந்துட்டார்" என்றாள் அம்மா. கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல மெதுவாகப் படித்தாள். மருத்துவமனையில் சிஸ்டரிடம் சொன்னேன். மாத்திரை வாங்க வந்து அருகில் நின்ற பெயின்டருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நேர்காணலுக்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை, பெயின்டர் ஒரு தூரிகையோடும் சின்ன டப்பாவோடும் வந்து நின்றார். நடைபாதையில் மூன்று மீட்டருக்கு ஒன்றாக நாங்கள் ஒட்டியிருந்த டேப்புகள் உரிந்து, பல்லிளித்துக்கொண்டிருந்தன. பயிற்சிக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். எங்கள் டாக்டரிடம் அனுமதி வாங்கி, கோடுகளைத் தானே பெயின்ட்டில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். கூலி கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

"வாட்ச்சம்மா, இந்த நூல் நுனியைப் பிடி. கைய ஆட்டாதே. கோணலாப் போச்சுன்னா உன் பேரைப் பக்கத்துல எழுதிடுவேன்."

பிடித்துக்கொண்டேன். அவர் தரையில் உட்கார்ந்து கோடு இழுத்தபடியே பேசினார்.

"இந்த நடையில பேசவே கூடாதுன்னுட்டே. ஆறு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு நான் என்னதான் பண்றது? அதான் ஒரு வேலை பண்ணேன். இந்த ஆரஞ்சுக் குல்லாவை ஒரு தரம் சுத்தினா, ஒரு ஆளைக் கடவுள்கிட்ட ஒப்படைக்கிறது."

"ஒரு ஆளைன்னா?"

"ஒருத்தர் பேரைச் சொல்லி, இவரைப் பார்த்துக்கோன்னு சொல்றது. முதல் திருப்பத்துக்கு வீட்டுக்காரி. ரெண்டாவது பெரியவ. மூணாவது சின்னவ. அப்புறம் மாப்பிள்ளை, அவருக்கு ரொம்பவே வேணும். என் தம்பி, பேசிப் பதினோரு வருஷமாச்சு. அறுத்துத் தைச்ச டாக்டர். பக்கத்து பெட்ல இருந்த டிரைவர்..."

தூரிகையை இடது கைக்கு மாற்றி, விரல் மடக்கி எண்ணினார். நானும் கூடவே மனதுக்குள் எண்ணினேன். ஏணி பிடிக்கிற கூட்டாளி, அவன் மனைவி, பெரியவளின் குழந்தை, எதிர்வீட்டில் தனியாக இருக்கும் அம்மா.

"கடைசியா என் பழைய முதலாளி. செத்துட்டார். இருந்தாலும் இருக்கட்டும்னு சொல்லிவச்சேன்."

பன்னிரண்டு.

"இது... எந்த நாள் சார்?"

"முதல் நாள்தான். முதலாளி பேரைச் சொல்லித் திரும்பினேன், நாலஞ்சு எட்டு வச்சேன், நீ நில்லுன்னுட்டே. ரெண்டாவது நாள் இன்னும் ஒரு ஆளைச் சேர்க்க முடிஞ்சுது. யாருன்னு கேக்கலையே?"

நான் நூலை இழுத்துச் சரிசெய்தேன்.

"நீதாம்மா. மேல படிக்கப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே. புள்ளைக்கு அந்த சீட்டு கிடைக்கட்டும்னு சொல்லிட்டுத் திரும்பினேன்."

நூலின் நுனி என் விரலிலிருந்து நழுவிவிட்டது. அவர் அதைக் கண்டு கோபிக்கவில்லை. "கை வலிக்குதா? மாத்திப் பிடி" என்றார். பிறகு, நினைவு வந்தவர்போல, "அன்னைக்கு ரெண்டு நிமிஷம் இருக்குன்னு நீ சொல்லவே இல்ல. வேலை ஜாஸ்தி போலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். குத்திக்காட்டும் குரல் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போனதும் கோப்பை எடுத்துப் பார்த்தேன். பத்துக் கோடுகள். ஆறு கோடுகள் நேராக நின்றன. அதற்குப் பின் நான்கும் அவசரத்தில் சாய்ந்திருந்தன. முந்நூற்று ஆறு, கீழே என் கையெழுத்து, தெளிவாக, அழகாக. ஒரு மனிதர் என் முன்னால் பன்னிரண்டு பேருக்காக வேண்டிக்கொண்டு நடந்திருக்கிறார். அவரைப் பார்ப்பதுதான் என் வேலை. நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைத்து எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேனே, அடியைத் தாழ்த்தினால் உச்சி தானாக உயர்ந்து தெரியும் என்பது இந்தப் படிப்பைப் படித்த எனக்கா தெரியாது? உயர்ந்து தெரிந்த அந்த அறுபது மீட்டரில்தான் என் நேர்காணல் நின்றுகொண்டிருந்தது.

வீட்டில் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவன் கேலி செய்யவில்லை.

"யார் வந்து அளக்கப் போறாங்க?"

"யாரும் இல்ல."

"அந்த ஆள் நல்லா ஆயிட்டாரா?"

"ஆயிட்டார்."

"அப்புறம் என்ன? போய் சீட்டை வாங்கு. படிச்சு முடிச்சு நூறு பேரை ஒழுங்கா எண்ணு."

நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால் அன்று மாலை கும்பிட உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை. எனக்காக ஒருவர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? எழுந்துவிட்டேன்.

மறுநாள் பெயின்டர் அதே கோடுகளின் மேல் இரண்டாவது கோட் பெயின்ட் அடிக்க வந்தார். அவர் டப்பாவைத் திறக்கும் முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் பாதிக் கோடுகளை முடித்த பிறகுதான் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோன் பார்த்தது, பத்து என்று எழுதியது, அறிக்கை அனுப்பியது.

அவர் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வைத்தார்.

"அப்போ தொண்ணூத்திமூணு இல்லையா?"

"இல்ல சார்."

"உண்மையில எவ்வளவு?"

"நீங்க எண்ணினது சரின்னா, முப்பத்திமூணு."

"சரி. முப்பத்திமூணுன்னு மாத்தி எழுதிக்கறேன்."

"அதுவும் எழுத முடியாது சார். முதல் நாள் நான் சரியா எண்ணல. நீங்க எண்ணினதுக்குப் பேப்பர்ல சாட்சி இல்ல. கோப்புல அந்த நாளையே அடிச்சிடணும்."

அவர் முகம் வாடியது. அதை நான் பார்த்தேன், பார்க்க வேண்டியிருந்தது. எட்டு வாரம் வியர்த்த மனிதரிடமிருந்து அதற்கான ஒரே எண்ணை நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "ஃபோன்ல அப்படி என்னதான் பார்த்தே?"

"ஒரு படிப்பு சார்."

"என்ன படிப்பு?"

"உங்கள மாதிரி ஆளுங்கள... எப்படிக் கவனிச்சு நடக்க வைக்கிறதுன்னு."

ஒரு கணம் என்னையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். மார்பைக் கையால் அழுத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "என்னைக் கவனிக்கிறது எப்படின்னு படிக்கிறதுல என்னைக் கவனிக்காம விட்டுட்டியா?" அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் நான் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றேன். சிரிப்பு அடங்கியதும் அவர் மறுபடி உட்கார்ந்து, மீதிக் கோடுகளையும் அதே நிதானத்தோடு போட்டு முடித்தார். நூலைப் பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. நூலின் மறுநுனியைக் காலால் மிதித்துக்கொண்டார்.

அன்றே எங்கள் டாக்டரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. "இந்த இரண்டு வருஷத்துல நீ எழுதின தாள்கள் எல்லாத்தையும் இனி நான் பார்க்கணும்" என்றார். முந்நூற்று ஆறின் மேல் ஒரே கோடு கிழித்து, "எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சிஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

புதன்கிழமை நேர்காணல். நீள மேசைக்குப் பின் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை என் அறிக்கையைப் புரட்டி, "இந்தத் தொண்ணூற்று மூன்று மீட்டர்..." என்று தொடங்கினார்.

"மேடம், அது தப்பு."

முழுவதும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"அவர் பன்னெண்டு தடவை நடந்தார்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது மேடம். நான் எண்ணலன்னு மட்டும்தான் தெரியும்."

"அன்னைக்கே இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். வெட்கமா இருந்துச்சு."

"இப்போ?"

"இப்போ அதைவிட அதிகமா இருக்கு."

பக்கத்தில் இருந்தவர் எதையோ குறித்துக்கொண்டார். இந்த வருடம் என் விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று பேராசிரியை சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை, இனிப்புத் தடவியும் சொல்லவில்லை. நான் எழுந்தபோது அறிக்கையைக் கோப்பில் சேர்க்காமல் என்னிடமே நீட்டினார். "இது இங்க இருக்க வேண்டாம். அடுத்த வருஷம் வேற ஒருத்தரைப் பத்தி எழுதிக் கொண்டாங்க. எண்ணி எழுதுங்க." அந்தத் தாள்களை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "சாப்பிட வா" என்றாள். அண்ணன் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தான்.

மூன்று மாதம் கழித்து பெயின்டருக்கு மறுபரிசோதனைத் தேதி. அவர் வரமாட்டார், அல்லது வேறு ஆளைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். சளி பிடித்திருந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். தான் போட்ட கோடுகளைக் குனிந்து பார்த்து, பெருவிரலால் தேய்த்து, திருப்தியோடு தலையாட்டினார்.

"ஆரம்பிக்கலாமா வாட்ச்சம்மா?"

அந்தப் பெயரை அவர் மறக்காததே எனக்குப் போதுமாக இருந்தது. ஃபோன் பூட்டிய மேசை இழுப்பறையில். நான் அவர் முதுகையும், திரும்பும்போது அவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு கூம்பிலும் அவர் உதடு அசைந்தது. இத்தனை வருடத்தில் யார் உதடும் அசைந்ததை நான் பார்த்திருக்கவில்லை. யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. நிமிடம் தவறாமல் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பன்னிரண்டாவது முறை திரும்பியதும் அவர் வேகம் குறைந்தது. பதின்மூன்றாவது திருப்பத்துக்கு மூன்று மீட்டர் இருக்கும்போது நேரம் முடிந்தது.

"நில்லுங்க சார்."

நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். அவர் மூச்சு ஆறும்வரை காத்திருந்தேன்.

"சார், நான் எழுதுறதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. எத்தனை?"

"பன்னெண்டு."

"எனக்கும் பன்னெண்டு."

எழுதினேன். போன முறையைவிடக் குறைவுதான். பன்னிரண்டோடு நின்றுவிட்டது என்பதும், பதின்மூன்றாவது யார் என்பதும் எனக்கு நினைவில் இருந்தது. நான் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சளி புடிச்சிருக்கே, கடைசிவரைக்கும் போக முடியாதுன்னு காலையிலேயே தெரியும். அதான் உன்னை நாலாவதுக்கு இழுத்துட்டேன். மாப்பிள்ளை இன்னைக்கு வெளியில நிக்கட்டும்."

சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையோடு வந்தார். நான் தள்ளி நின்று வழிவிட்டேன். அடுத்தவர் வெளியே காத்திருந்தார். தாளில் புதுப் பக்கம் திருப்பி, கூம்பு நேராக இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன்.